கண்ணைக் காம்பில் தூக்கிவைத்த ஈ: எங்கே தேடுவது, எப்படி அடையாளம் காண்பது

வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஓரமாக இறங்கும் ஓடை. கரையில் முட்டி போட்டு ஓர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொழுந்துக் கூடையோடு மேலே ஏறிக்கொண்டிருந்த ஓர் அக்கா நின்றார்.

“என்ன தம்பி, இப்படி உத்துப் பாக்குறீங்க? ஏதாச்சும் தொலைஞ்சுபோச்சா?”

“ஈ பாக்குறேங்க்கா.”

குனிந்து பார்த்தார். “ஈயா? எறும்புல்ல இது. கொம்பு மொளைச்ச எறும்பு.” இரண்டடி நடந்தவர் திரும்பி, “அந்தக் கல்லுல உக்காராதீங்க, அட்டை ஏறும்” என்றார்.

அட்டை விஷயத்தில் அவர் சொன்னது பத்து நிமிடத்தில் உண்மையானது. எறும்பு என்றதும் பெரிய தவறு இல்லை. ஒடுங்கிய இடுப்பு, உருண்ட வயிறு, பளபளக்கும் கருஞ்சிவப்பு உடம்பு என்று பார்த்தால் முதல் பார்வைக்கு யாரும் எறும்பென்றே சொல்வார்கள். கொம்பு என்று அவர் சொன்னதுதான் சங்கதி. அது கொம்பு அல்ல. தலையின் இரு பக்கமும் கம்பிபோல் நீண்ட காம்புகள். ஒவ்வொரு காம்பின் நுனியிலும் ஒரு சிவந்த கண். இந்தக் குடும்பத்துக்கு அறிவியலில் டயாப்சிடே என்று பெயர். தமிழில் பரவலாக வழங்கும் பெயர் எதுவும் என் காதில் விழுந்ததில்லை. நான் காம்புக்கண் ஈ என்று எழுதிவருகிறேன், இங்கும் அப்படியே.

பூச்சி பார்க்கத் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். பட்டாம்பூச்சி, தும்பி பார்த்துப் பழகியவர்கள் ஈ என்றதும் மலைத்துப்போவார்கள். பெயர் வைத்த ஈ இனங்களே உலகில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அதற்குள் எங்கே நுழைவது? ஆரம்பத்துக்குக் காம்புக்கண் ஈ நல்ல வாசல். எந்தக் குடும்பம் என்பதில் குழப்பம் குறைவு. அதற்கு மேல் கற்க ஏராளம் இருக்கிறது.

முதலில் இடத்தைத் தேடுங்கள்

ஊருக்குள் இந்த ஈயைத் தேடி அலைந்தால் ஒன்றுகூடக் கண்ணில் படாது. சரியான ஓடைக்கரையில் ஒரே இலையில் நாலைந்து உட்கார்ந்திருக்கும். அதனால் ஈயைத் தேடிப் போகாமல் அது இருக்கக்கூடிய இடத்தைத் தேடிப் போக வேண்டும். புதியவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நானும் முதல் இரண்டு பயணங்களில் அப்படித்தான் கால் கடுக்க நடந்தேன்.

என்ன மாதிரி இடம்? மூன்று சங்கதிகள் ஒன்றுசேர வேண்டும். ஒன்று, நிழல்: மேலே மரங்கள் கூடி, நடுப்பகலிலும் கொஞ்சம் இருட்டாக இருக்க வேண்டும். இரண்டு, ஈரம்: சலசலவென்று ஓடும் சிற்றோடை, கசியும் பாறை, அல்லது காலை வைத்தால் புதையும் கரைமண். மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. மட்கும் தழை வேண்டும். கழுவிவிட்டாற்போல் சுத்தமான பாறைக்கரையில் எனக்கு ஒன்றும் கிடைத்ததில்லை. இலைச்சருகு படிந்து, கறுத்து, விரலால் கிளறினால் புளித்த வாடை வரும் இடத்தில்தான் இருக்கும். காரணம் சாப்பாடு. வளர்ந்த ஈக்கள் அழுகும் தாவரங்களின்மேல் படரும் பூஞ்சையையும் ஈஸ்ட்டையும் நக்கித் தின்கின்றன. பெரும்பாலான இனங்களின் புழுக்களும் அழுகும் தழைக்குள்தான் வளர்கின்றன. ஆய்வுக்கூடங்களில் இவற்றை வளர்க்கும்போது அரைத்த மக்காச்சோளக் கூழைத்தான் வைக்கிறார்கள். விதிவிலக்கும் உண்டு: ஆப்பிரிக்காவில் டயாப்சிஸ் என்ற பேரினத்தின் (குடும்பத்துக்குள் நெருங்கிய இனங்களின் தொகுதி) சில ஈக்களுடைய புழு நெல்தண்டைத் துளைக்கிறது, அங்கே அது விவசாயிக்குத் தெரிந்த பூச்சி.

இடம் கிடைத்தபின் கண்ணை எங்கே ஓட்டுவது? முழங்காலிலிருந்து இடுப்பு உயரம் வரையுள்ள அகன்ற இலைகளின் மேல்பரப்பு. காட்டு இஞ்சி வகை, சேம்பு வகை, தண்ணீருக்கு மேல் சாய்ந்த எந்த அகல இலையும். தரையையும் மரக்கிளையையும் முதல் நாளில் விட்டுவிடுங்கள்.

இன்னொரு குறிப்பு கிட்டத்தட்ட இருநூறு வருடப் பழசு. கிழக்கிந்தியக் கம்பெனியில் இருந்த கர்னல் சைக்ஸ், மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதியில், இன்றைய மகாராஷ்டிரத்தின் ஹரிச்சந்திரகட் கோட்டைப் பக்கம் சுமார் 3,900 அடி உயரத்தில் இந்த ஈக்களைக் கண்டார். காடடர்ந்த பள்ளங்களில், இருட்டுக்கு நடுவே வெயில் ஊடுருவி ஒரு பாறைமேல் விழும் இடத்தில் அவை கூட்டமாக வந்து உட்காரும் என்பது அவருடைய குறிப்பு. அவர் பெயரையே வைத்து 1830களில் அந்த இனம் “சைக்சியை” (sykesii) என்று அறியப்பட்டது. எந்த உபகரணமும் இல்லாமல் கண்ணால் பார்த்து எழுதிய குறிப்பு. இன்றைக்கும் வேலை செய்கிறது. நிழலுக்குள் வட்டமாக விழும் வெயில் பொட்டு எங்கே இருக்கிறதோ, அதன் விளிம்பில் உள்ள இலைகளை முதலில் பாருங்கள். வெயில் நகர நகர ஈக்களும் நகர்வதை நான் ஒரு முன்பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

பருவம்: பெருமழை அடிக்கும்போது ஓடை கரைபுரண்டு இலைகளை அலசிவிடும், கோடையில் கரை காய்ந்துவிடும். மழை ஓய்ந்து, ஓடை தெளிந்து, கரை இன்னும் ஈரமாக இருக்கும் வாரங்கள் நல்லது.

கையில் என்ன வேண்டும்

பெரிதாக ஒன்றும் வேண்டாம். கைபேசி, அதில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் (சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதே போதும்), ஒரு குறிப்பேடு, பென்சில். பேனா வேண்டாம், ஈரத்தில் ஊறும். அட்டைக்குக் காலுறை. பிளாஷ் பயன்படுத்துவதாக இருந்தால் அதன்மேல் ஒட்ட ஒரு துண்டு பட்டர் பேப்பர். இந்த ஈயின் முதுகு எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். நேர் பிளாஷ் அடித்தால் படத்தில் வெள்ளைத் திட்டு மட்டும்தான் மிஞ்சும்.

வலை கொண்டுபோகாதீர்கள். சரணாலயம், காப்புக்காடு போன்ற இடங்களில் அனுமதி இல்லாமல் எதையும் பிடிப்பது சட்டப்படி குற்றம். நுழைவதற்கே அனுமதி வேண்டிய இடங்கள் பல. தோட்டத்துச் சாலையோர ஓடையே தொடக்கத்துக்குப் போதும். அங்கும் காவலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குங்கள். யானை, காட்டு மாடு நடமாட்டம் அவர்களுக்குத்தான் தெரியும்.

படம் எடுக்கும் வரிசை

காம்புக்கண் ஈ அவ்வளவு மிரளாது. விரட்டினாலும் தூரம் போகாமல் பக்கத்து இலையில் உட்காரும். உங்கள் நிழல் மட்டும் அதன்மேல் விழக்கூடாது. சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து தாழ்ந்து போங்கள். உட்கார்ந்து ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். பறந்துபோனவையும் திரும்ப வரும்.

எடுக்க வேண்டிய படங்கள் ஐந்து. இந்த வரிசையிலேயே எடுங்கள். ஈ எப்போது பறக்கும் என்று தெரியாது, முக்கியமானது முதலில் வரட்டும்.

மேலிருந்து நேர்குத்தாக, முழு உடம்பும் இரண்டு கண்ணும் தெரிய ஒன்று. முகத்துக்கு நேராக, இரண்டு காம்பும் சமமாக விரிந்து தெரிய ஒன்று. பக்கவாட்டில், கால் தொடையும் மார்பின் முள்ளும் தெரிய ஒன்று. சிறகு மட்டும் நெருக்கத்தில் ஒன்று. கடைசியாக எழுந்து நின்று, அந்த இலை, ஓடை, நிழல் எல்லாம் சேர்ந்து தெரியும்படி இடத்தை ஒன்று. இந்த ஐந்தாவதை எடுக்காமல் வருகிறவர்கள்தான் அதிகம். ஆறு மாதம் கழித்து உங்கள் படங்களைப் புரட்டும்போது நீங்கள் தேடப்போவது அதைத்தான்.

குவியம் பற்றி ஒரு சொல். காம்பு மெல்லியதாக இருப்பதால் கைபேசி அதைக் கண்டுகொள்ளாமல் பின்னாலிருக்கும் இலை நரம்பைப் பிடித்துக்கொள்ளும். என் முதல் இருபது படங்களில் இலை நரம்பு அருமையாக வந்திருந்தது. திரையில் ஈயின் மார்பின்மேல் விரலை அழுத்திக் குவியத்தைப் பூட்டிவிட்டு, கைபேசியையே இம்மி இம்மியாக முன்னும் பின்னும் நகர்த்தித் தொடர்ச்சியாகச் சுடுங்கள். முப்பதில் இரண்டு தேறும். அது போதும்.

இது அந்த ஈதானா?

வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதல் கேள்வி: ஈயா? ஒரு சோடிச் சிறகுதான் இருக்க வேண்டும். பின்சிறகு இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலைபோல் ஒரு சிறு குமிழ் தெரியும். பறக்கும்போது நிலை தடுமாறாமல் இருக்க உதவும் உறுப்பு அது. எறும்புக்கும் குளவிக்கும் அது கிடையாது.

இரண்டாவது கேள்விதான் முடிச்சை அவிழ்ப்பது: உணர்கொம்பு எங்கே முளைத்திருக்கிறது? கண் காம்பில் நிற்கும் ஈக்கள் வேறு சில குடும்பங்களிலும் உண்டு. பழ ஈக் குடும்பத்தில் சில, நியூகினித் தீவின் அகியாஸ் பேரினத்தில் சில. ஆனால் அவற்றில் கண் மட்டும் விலகிப் போயிருக்கும். உணர்கொம்பு இரண்டும் முகத்தின் நடுவிலேயே தங்கியிருக்கும். டயாப்சிடே குடும்பத்தில் உணர்கொம்பும் கண்ணோடு சேர்ந்து காம்பேறிப் போய்விடும். முகத்துக்கு நேராக எடுத்த படத்தில் காம்பின்மேல், கண்ணுக்குச் சற்று உள்தள்ளி, ஒரு சிறு மொட்டும் அதிலிருந்து கிளம்பும் மயிரும் தெரிகிறதா? தெரிந்தால் குடும்பம் முடிவாகிவிட்டது. இரண்டாவது படம் எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும்.

உறுதிசெய்ய இன்னும் இரண்டு அடையாளம். முன்னங்கால் தொடை மட்டும் உப்பி, பயில்வான் கைபோல் இருக்கும். மார்பின் பின்கோடியிலிருந்து வயிற்றுக்கு மேலாக இரண்டு முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு மயிர்.

அதே இலையில் வேறு ஈக்களும் இருக்கும், ஏமாறாதீர்கள். எறும்புபோல் கறுத்து, சிறகை இடைவிடாமல் விசிறிக்கொண்டே நடப்பது செப்சிடே குடும்பம். நீண்ட காலில் நின்றுகொண்டு முன்னங்காலை ஆட்டி ஆட்டிக் காட்டுவது மைக்ரோபெசிடே. இரண்டுக்கும் கண் தலையோடு ஒட்டியே இருக்கும்.

ஒரு கணக்கு

அடுத்த படி, கண்ணிடைத் தூரம். இடக்கண்ணின் வெளிவிளிம்பிலிருந்து வலக்கண்ணின் வெளிவிளிம்பு வரை. ஈ மொத்தமே ஒரு சென்டிமீட்டருக்குள்தான். அதைக் காட்டில் அளக்க முடியாது, அளக்கவும் வேண்டாம். விகிதம் போதும். மேலிருந்து எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கி, பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்துகொள்ளுங்கள். என் குறிப்பேட்டிலிருந்து ஒன்று: திரையில் முகத்திலிருந்து வயிற்று நுனி வரை 42 மி.மீ.; கண்ணிடைத் தூரம் 50 மி.மீ. 50ஐ 42ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.2. அதாவது உடம்பின் நீளத்தைவிடக் கண்கள் அகலமாக விரிந்த ஈ. அதே இலையில் அரையடி தள்ளி உட்கார்ந்திருந்த இன்னொன்று: உடம்பு 40, கண்ணிடை 29, விகிதம் 0.7 சொச்சம்.

இரண்டும் வெவ்வேறு இனம் என்று எழுதிவைத்தேன். தவறு. இந்தக் குடும்பத்தில் ஆண், பெண் இரண்டுக்குமே காம்பு உண்டு. ஆனால் டெலியோப்சிஸ் பேரினத்தின் பல இனங்களில் ஆணுக்கு அது பெண்ணைவிட மிக நீளம். நான் பார்த்தது ஆணும் பெண்ணும். அதனால் ஒரே ஒரு ஈயை வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஓர் இடத்தில் குறைந்தது ஐந்தாறு ஈக்களையாவது அளந்து வரிசையாக எழுதுங்கள். எண்கள் இரண்டு கொத்தாகப் பிரிந்து நின்றால் ஆண்பெண் வேற்றுமை என்று சந்தேகிக்கலாம். எல்லாம் ஒரே அளவில் கூடிநின்றால் வேறு பேரினமாக இருக்கலாம்.

அளப்பதில் ஒரு பொறி உண்டு. ஈ இலைச் சரிவில் தலைகீழாகச் சாய்ந்து நின்றால் படத்தில் உடம்பு குறுகித் தெரியும், விகிதம் பொய்யாக ஏறும். உடம்பு சரியாகப் படுக்கைவாட்டில் இல்லாத படத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆசைப்பட்டு நான் சேர்த்த ஒரு படம் 1.6 காட்டியது. இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன்.

எந்தப் பேரினம்?

இந்தியாவில் புதியவர் கண்ணில் படக்கூடியவை மூன்று. ஸ்பைராசெபலா: காம்பு குட்டை, உடம்பு தடி, ஓடைக்கரைச் சேற்றிலும் ஈரப்பாறையிலும் சில சமயம் நூற்றுக்கணக்கில் கூடும். சுத்தியல் தலை என்பது பெயரின் பொருள், பார்த்ததும் ஒத்துக்கொள்வீர்கள். (ஐரோப்பாவில் இந்தக் குடும்பமே இல்லையென்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், ஹங்கேரியில் கிடைத்த ஸ்பைராசெபலா ஒன்றுக்கு 1997இல்தான் பெயர் வைத்தார்கள். அவ்வளவு அலசப்பட்ட கண்டத்திலேயே அந்தக் கதை என்றால் நம் மலைகளைச் சொல்லவே வேண்டாம்.) டயாப்சிஸ்: ஒல்லி உடம்பு, நீளக் காம்பு, சிறகு நுனிப்பக்கம் பெரும்பாலும் ஒரு கரும்பொட்டு. டெலியோப்சிஸ்: நிழலோடைக்காரன், சிறகில் புகைபடிந்தாற்போல் பட்டைகள், ஆணுக்கு அகலக் கண். நான்காவது படம், சிறகுப் படம், இங்கே கைகொடுக்கும். மார்பு முட்கள் எத்தனை சோடி, எங்கே இருக்கின்றன என்பதும் பேரினத்தைப் பிரிக்க உதவும். அதனால் பக்கவாட்டுப் படத்தை அழித்துவிடாதீர்கள்.

இனம் வரைக்கும் போக ஆசை வரும். அங்கே நில்லுங்கள். நெருங்கிய இனங்களைப் பிரிக்க ஆணின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியிருக்கும். அந்த வேலை, ஈக்களைப் பிடித்துச் சேகரிக்க அனுமதி பெற்ற ஆய்வாளர்களுடையது. படத்தைப் போட்டவுடன் பெயர் சொல்லும் ஒரு செயலி, என் வால்பாறை ஈக்கு மலேசியாவில் வாழும் ஓர் இனத்தின் பெயரை அழுத்தமாகச் சொன்னது. அதை அப்படியே எழுதியிருந்தால், மேற்கு மலையில் மலேசிய ஈ என்று பொய்யான ஒரு பதிவு கிளம்பியிருக்கும். “டெலியோப்சிஸ், இனம் தெரியவில்லை” என்று எழுத வெட்கப்படாதீர்கள். தெரிந்தவர்கள் மதிப்பது அந்தப் பதிவைத்தான்.

வாழிடக் குறிப்பு

பெயரில் நின்றுவிட்டாலும் இதில் நிற்க வேண்டாம். ஒரே ஓடைக்கு மூன்று வேளை போய்ப் பாருங்கள். காலை பத்து மணிக்கு ஈ இருக்கும் இலை, மாலை ஐந்துக்குக் காலியாக இருக்கும். எங்கே போகின்றன?

இதற்கு விடை மலேசியாவில் நன்றாகவே தெரிந்திருக்கிறது. சிலாங்கூரில் கோம்பாக் பக்கத்துக் காட்டோடைகளில் டெலியோப்சிஸ் டால்மன்னி என்ற இனத்தை ஆய்வாளர்கள் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறார்கள். தண்ணீர் அரித்து உள்வாங்கிய கரையின் மேல்விளிம்பிலிருந்து மரவேர்களின் மெல்லிய இழைகள் தொங்கும். பொழுது சாயும்போது ஈக்கள் அந்த இழைகளில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடையும். இழைக்கு ஓர் ஆண் உரிமை கொண்டாடும். வேறோர் ஆண் வந்தால் இரண்டும் நேருக்கு நேர் நின்று, கண்ணோடு கண் வைத்து அளந்து பார்க்கும்; குறுகிய கண்ணுடையது பெரும்பாலும் ஒதுங்கிவிடும். பெண்களும் அகலக் கண் ஆண் இருக்கும் இழையையே நாடுகின்றன. இணைசேர்வது பெரும்பாலும் விடியலில், கலைந்து போவதற்கு முன்.

இத்தனை அகலமான கண்ணோடு கூட்டிலிருந்து எப்படி வெளியே வருகிறது என்று கேட்பீர்கள். வரும்போது காம்பு சுருண்டு குட்டையாகத்தான் இருக்கும். வந்ததும் காற்றை விழுங்கித் தலைக்குள் அழுத்தம் ஏற்றி, ஊதுபையை ஊதுவதுபோல் காம்பை நீட்டிக்கொள்ளும். பிறகு தோல் இறுகிவிடும். அதோடு அந்த ஈயின் கண்ணகலம் வாழ்நாளுக்கும் அவ்வளவுதான்.

உங்கள் ஓடையில் இருக்கும் இனமும் இதேபோல் வேரிழையில் அடைகிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். பகலிலேயே கரையோரம் நடந்து தொங்கும் வேரிழைகள் எங்கே இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் வெளிச்சம் மங்கும் முன் எதிர்க்கரையில் உட்கார்ந்து, சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சால் ஒவ்வோர் இழையாகப் பாருங்கள்.

குறிப்பேட்டில் எழுத வேண்டியது: தேதி, மணி, உயரம், ஓடையின் அகலம், நிழல் எவ்வளவு, இலை தரையிலிருந்து எத்தனை அடி, இலைமேல் என்ன இருந்தது (சருகுத்தூள், பூஞ்சை, பறவை எச்சம்), எத்தனை ஈக்கள், என்ன செய்துகொண்டிருந்தன. என் பக்கம் ஒன்று இப்படி இருக்கிறது: “காலை 10.20. ஓடை நாலடி அகலம். வெயில் பொட்டின் விளிம்பு. காட்டு இஞ்சி இலை, இடுப்புக்குக் கீழ். மூன்று ஈ. இரண்டு எதிரெதிரே நின்று முன்னங்காலை அகட்டின. மேகம் மறைத்தது, மூன்றும் இலைக்கு அடியில். வெயில் வந்ததும் இரண்டுதான் திரும்பின.” மூன்றாவது எங்கே போனது என்று தேட எழுந்தபோதுதான் காலில் அட்டை நாலு.

மாலைப் பார்வைக்குத் தனியாகப் போகாதீர்கள். அடைந்த ஈக்களை எண்ணி எழுதியதும் இருட்டுக்குமுன் சாலைக்கு ஏறிவிடுங்கள். அந்த நேரத்தில் தண்ணீருக்கு இறங்குவது ஈ மட்டும் அல்ல.